ஊசி ஒதுக்கிய இருக்கை

போன வாரம் மூன்று இருக்கைகளுக்கும் கால் பொருத்தி நிறுத்தினோம். இந்த வாரம் அதில் ஒருவர் வந்து உட்காரப் போகிறார். அவர் எழுந்திருக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்பதில்தான் சோபா மாஸ்டர் குடும்பத்தின் மூச்சு நிற்கிறது.

போன வாரம் படிக்க விட்டுப்போனவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரின் பழைய சினிமா தியேட்டருக்குப் புது இருக்கை போடப்போகிறார்கள். மாதிரிக்கு ஒரு வரிசை செய்து காட்டும்படி மானேஜர் மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறார். பிடித்தால் அரங்கம் முழுக்க மாஸ்டர் கை வேலை. பிடிக்காவிட்டால் அந்த வேலை பெரிய மெத்தைக் கம்பெனிக்குப் போய்விடும். மாஸ்டரின் ஒரே மகன், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு வேலைக்குச் சேர்ந்திருக்கிறானே, அதே கம்பெனிக்கு. மகன் ராத்திரிக்கு வீட்டுக்குத்தான் வருகிறான். சாப்பிடுகிறான், தூங்குகிறான். அப்பாவும் மகனும் பேசுவதில்லை.

மானேஜர் இன்றைக்குச் சாயங்காலம் வருகிறார்.

மாஸ்டர் பட்டறையின் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் மூக்கைத்தான் உள்ளே அனுப்புவார். பசை டப்பா மூடாமல் கிடக்கிறதா, யாராவது உள்ளே புகை பிடித்தார்களா, எல்லாவற்றையும் மூக்கு சொல்லிவிடும். மனிதர்கள் சொல்வதை அவர் நம்புவதில்லை. மூக்கை நம்புவார்.

இன்றைக்கு மூக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொன்னது. அதைக் கேட்டதும் நேரே இருக்கைகளிடம் போனார்.

அரக்கு நிற வெல்வெட் போட்ட மூன்று இருக்கைகளும் மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி ஜம்மென்று நின்றுகொண்டிருந்தன. இடது ஓரத்து இருக்கையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வட்டம். மாஸ்டர் அதில் கையை வைத்து அழுத்தினார். ஈரம் விரலிடுக்கில் ஏறியது.

"மாப்ளே, இங்க வா."

மனைவியின் தம்பி வாயில் பிரஷ்ஷோடு வந்தான். சாமான் வாங்குவது, வண்டி ஓட்டுவது, மாஸ்டரிடம் திட்டு வாங்குவது, மூன்றும் அவன் வேலை.

"மோந்து பாரு."

"பல்லு வெளக்கிட்டு இருக்கேன் அத்தான். இப்ப எதை மோந்தாலும் பேஸ்ட் வாசனைதான் வரும்."

"ராத்திரி நீதானே கடைசியா ஷட்டரை இறக்கின? தண்ணி கிண்ணி ஊத்தினியா?"

"தண்ணி மஞ்சளாவா இருக்கும்?"

மாஸ்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். ரெக்சின் சுருள்களின் உச்சியில் ஒரு சாம்பல் நிறப் பூனைக்குட்டி உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. நீதிபதி தீர்ப்பு எழுதுகிற மாதிரி அத்தனை நிதானம்.

அதன் பெயர் ஊசி. எந்தச் சந்திலும் நுழைந்து எந்தப் பக்கத்திலும் வெளிவந்துவிடும் என்பதால் மருமகள் வைத்த பெயர். பட்டறையில் உறை தைப்பது மருமகள்தான். புருஷன் சண்டை போட்டுக்கொண்டு போனாலும் அவள் மிஷினை விட்டுப் போகவில்லை. ரெக்சின் குவியலுக்குப் பின்னாலிருந்து ஊசியைக் கண்டெடுத்து வளர்ப்பவளும் அவள்தான்.

முந்தாநாள் இடது இருக்கை. நேற்று வலது இருக்கை. இன்றைக்கு மறுபடி இடது. நேற்றே மாஸ்டர் சொல்லியிருந்தார், இன்னொரு தரம் நனைந்தால் குட்டியை வண்டியில் ஏற்றி மார்க்கெட்டில் விட்டுவிட வேண்டியதுதான் என்று. "அப்ப என் தையல் மிஷினையும் கூட ஏத்திடுங்க மாமா" என்று மருமகள் தலை நிமிராமலே பதில் சொல்லியிருந்தாள்.

இப்போது அவள் வந்து ஈரத்தைப் பார்த்தாள். வெல்வெட் உறையின் ஜிப்பை இழுத்தாள்.

"வண்டிச் சாவி எங்கடா?" என்றார் மாஸ்டர்.

"இருங்க மாமா. நேத்து ஊசியை மாட்டாஸ்பத்திரி டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தேன். வயித்தை அமுக்கிப் பாத்தார், மூத்திரத்தை டெஸ்ட் பண்ணினார். நோய் எதுவும் இல்லைன்னுட்டார்."

"நோய் இல்லேன்னா கொழுப்பு. அதுக்கு டெஸ்ட் வேணாம், நானே சொல்லுவேன்."

"ஒரே ஒரு கேள்வி கேட்டார். பெட்டியில போடற மண்ணை நடுவுல மாத்தினீங்களான்னு. இல்லைன்னு சொல்லிட்டு வந்தேன்."

மாஸ்டர் சட்டென்று குனிந்து மேஜைக்கு அடியில் ஸ்டேப்ளர் துப்பாக்கியைத் தேடத் தொடங்கினார். அது அவர் கையிலேயே இருந்தது.

மருமகள் ஜிப்பை விட்டாள்.

"மாமா."

"என்ன."

"பெட்டியில என்ன போட்டு வச்சிருக்கீங்க?"

"எந்தப் பெட்டி?"

"நீங்க பிளைவுட்ல செஞ்சீங்களே, ஊசிக்குக் கக்கூஸ், அந்தப் பெட்டி. மூலையில இருட்டுல இருக்கு, தினமும் நானே பாத்துக்கறேன், நீ தையலைப் பாருன்னீங்களே."

மாஸ்டர் நிமிர்ந்தார். மறைக்கத் தெரியாத மனிதர். மறைக்கிறவர்களைத் திட்டியே பழகியதில் தனக்கு அந்தக் கலை வராமல் போயிற்று.

"ஸ்பாஞ்ச் தூள். வெட்டும்போது விழறதைக் கூட்டி அள்ளிப் போட்டேன். சொந்தச் சரக்கு. மெத்துனு இருக்கும்."

"நான் பாக்கெட் மண்ணு வாங்கிக் குடுத்தேனே."

"அதுல என்னத்தைக் கலக்கறானோ யார் கண்டா. பாக்கெட் மேல பூனை சிரிக்கிற மாதிரி படம். பூனை எங்கம்மா சிரிக்கும்? அட்டையிலேயே பொய் சொல்றவன் உள்ளுக்குள்ள உண்மையா வச்சிருப்பான்?"

மருமகள் ஈரக் குஷனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று மாஸ்டர் பயந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அது தப்பே பண்ணல. நீங்க கத்துக் குடுத்ததை அப்படியே செய்யுது."

"நானா?"

"கண்ணு தெறந்து நடக்க ஆரம்பிச்ச குட்டி. காலுக்கு மெத்துனு இருக்குற எடம்தான் ஒண்ணுக்குப் போற எடம்னு நீங்கதான் பழக்கினீங்க. மண்ணா இருந்தா கட்டியா ஒட்டிக்கும், அள்ளிக் கொட்டிடலாம். ஸ்பாஞ்ச் தூளு நனைஞ்சா காயறதே இல்லை. ஈரத்துல அது கால் வைக்காது. காஞ்ச ஸ்பாஞ்ச் எங்கன்னு தேடுது. தேடி வெளிய வந்தா எதிர்ல நீங்க தியேட்டர் சீட்டே போட்டு வச்சிருக்கீங்க."

மச்சினன் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தான். "அப்ப அது சீட்டைக் கெடுக்கணும்னு செய்யல அத்தான். கக்கூஸைப் பெருசு பண்ணி வெல்வெட் போட்டிருக்காங்கன்னு நெனச்சிருக்கு."

"நீ போய் வாயைக் கொப்புளி" என்றார் மாஸ்டர்.

நம்பினாரா? எங்கே நம்பினார். டாக்டர் சொன்னதை நம்பாதவர், மருமகள் சொன்னதை மட்டும் நம்புவாரா? சோதித்துப் பார்த்தே தீருவேன் என்று நின்றார்.

முதலில் ஈரமான குஷனைத் தூக்கி வெயிலில் வைத்துவிட்டு, தான் உட்காரும் பெஞ்சிலிருந்த ஸ்பாஞ்சைப் பிரித்து வெட்டி இடது இருக்கைக்குப் புதுக் குஷன் தயார் செய்தார். இனிமேல் ஒரு துண்டுகூடக் கையிருப்பில் இல்லை. பிறகு மூன்று இருக்கைகளின் உறைகளையும் கழற்றி மருமகளிடம் கொடுத்தார். அவள் வினிகர் கலந்த தண்ணீரில் கறையைத் துடைத்து, விசிறிக்கு நேரே விரித்தாள். மூன்று குஷன்களும் வெள்ளை உள்துணியோடு தரையில் வரிசையாகப் படுத்தன.

"குட்டியை விடு" என்றார் மாஸ்டர். "மாப்ளே, நீ பக்கத்துல நில்லு. அது குந்தினா அடுத்த நொடி அலாக்காத் தூக்கணும். ஒரு சொட்டு விழுந்துச்சு, உன்னைப் பிழிஞ்சு காயப்போடுவேன்."

மருமகள் ஊசியைத் தரையில் விட்டாள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. மரத் துண்டுகளைத் தாண்டியது. ரெக்சின் மேல் நடந்தது, நிற்கவில்லை. இடது குஷனில் ஏறி மாவு பிசைகிற மாதிரி முன்னங்கால் இரண்டாலும் மாறி மாறி மிதித்தது. ஒரு சுற்று சுற்றியது. பின்பக்கத்தைத் தாழ்த்தியது.

மச்சினன் தூக்கிவிட்டான்.

மறுபடி விட்டார்கள். ஊசி நடுக் குஷனை மோந்து பார்த்தது. ஒரு காலை வைத்தது. சுடுதண்ணீரில் வைத்த மாதிரி வெடுக்கென்று எடுத்தது. சுற்றிக்கொண்டு போய் வலது குஷனில் ஏறி மிதித்தது. பின்பக்கத்தைத் தாழ்த்தியது.

மச்சினன் தூக்கிவிட்டான்.

"பாத்தீங்களா மாமா" என்றாள் மருமகள். "நான் சொல்லல?"

மாஸ்டர் குஷன்களையே மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு வேறொன்று உறுத்தியது. மூன்று நாளாக இடது, வலது, மறுபடி இடது. நடுவில் ஒரு தரம்கூட இல்லை. சும்மா ஏறினாலும் ஒரு தரமாவது நடுவில் ஏறியிருக்க வேண்டாமா?

"நடுவுல இருக்கறதை ஓரத்துக்கு மாத்து" என்றார்.

மாற்றினார்கள். ஊசி ஓரத்துக்கு வந்த குஷனை மோந்தது, மூஞ்சியைச் சுளித்தது, தாண்டிப் போய்விட்டது. மறுபடி மாற்றினார்கள். மறுபடியும் அதையே ஒதுக்கியது. துணியெல்லாம் ஒரே துணி. உயரமெல்லாம் ஒரே உயரம். மாஸ்டர் தன் கையால் அழுத்திப் பார்த்தார். கைக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் அவருக்கு ஆத்திரமாக வந்தது.

"இது எந்த ஸ்பாஞ்ச்? வெள்ளைத் துணி தைச்சே வந்துச்சே, அதுதானே?"

இரண்டு குஷனுக்குத்தான் பட்டறையில் சரக்கு இருந்தது. மூன்றாவதற்குக் குறைந்தபோது மச்சினன் எங்கிருந்தோ தைத்த உறையோடு கொண்டுவந்து கொடுத்திருந்தான். பிரித்தால் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்று அவன் சொன்னதால் மாஸ்டர் மேலாக அமுக்கிப் பார்த்ததோடு விட்டிருந்தார்.

"நல்ல சரக்குதான் அத்தான். பூனைக்கு என்ன தெரியும்."

"உன்னைவிட அதுக்குத் தெரியும்." மாஸ்டர் கத்தியை எடுத்தார்.

"ஐயோ அத்தான், மானேஜர் வரப்போறார், வேற குஷன் கெடையாது."

கத்தி குஷனின் வயிற்றில் இறங்கி ஓரத்துக்கு ஓடியது. மாஸ்டர் இரண்டு கையாலும் பிளந்தார்.

மேலே விரல்கனத்துக்கு நல்ல ஸ்பாஞ்ச். கீழேயும் அப்படியே. நான்கு பக்கமும் அதையே ஒட்டி மறைத்திருந்தார்கள். நடுவில் நீலம், மஞ்சள், பச்சை, பழைய மெத்தைகளைக் கிழித்த துணுக்குகள், நூல், ஒரு ரெக்சின் நறுக்கு, எல்லாவற்றையும் பசை ஊற்றி அழுத்திய கட்டை. பசையின் நெடி குப்பென்று வந்தது. உறைக்குள் இருந்தபோதே குட்டியின் மூக்குக்கு அது எட்டிவிட்டது, மாஸ்டரின் மூக்குக்கு எட்டவில்லை.

"இதுல ஜனங்க நாலு படம் பாத்தா கல்லாயிடும்" என்றார் மாஸ்டர் மெல்ல. "அப்புறம் ஊர் முழுக்க என் பேரைச் சொல்லித் துப்புவாங்க. எந்தக் கடைடா?"

மச்சினன் கடிகாரத்தைப் பார்த்தான். "அதை அப்புறம் பேசலாம் அத்தான். இப்ப நடு சீட்டுல என்ன வைக்கப்போறோம்?"

கேள்வி நியாயமானது. கடைக்குப் போய் வாங்கி, வெட்டி, உறை போட நேரம் போதாது. நேரம் இருந்தாலும் மாஸ்டர் இனி எந்தக் கடையை நம்புவார்? அவர் பட்டறையை ஒரு சுற்று சுற்றினார். மருமகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்குள்ள ஒண்ணு இருக்கு மாமா" என்றாள்.

அவர் நின்றார். எதைச் சொல்கிறாள் என்று புரிந்தது. வீட்டுக் கூடத்தில் ஒரு சோபா இருக்கிறது. மகன் கல்யாணத்துக்கு மாஸ்டர் தன் கையால் செய்தது. சரக்கைத் தானே போய், பத்து ஸ்பாஞ்சுக் கட்டையைக் குத்திப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வந்தார். மகன் பட்டறையை விட்டுப் போன நாளிலிருந்து அதில் யாரும் உட்காருவதில்லை. துணி போர்த்தி வைத்திருக்கிறது.

"அது உன்னோடது. உங்க ரெண்டு பேருக்கும்னு செஞ்சது."

"என்னோடதுங்கறதாலதான் தரேன்னு சொல்றேன். பிரிங்க மாமா."

அதற்குப் பிறகு பட்டறையில் வேறு எதுவும் இல்லை. வேலைதான். மாஸ்டர் சோபாவின் அடித்தட்டில் அடித்த ஊக்குகளைப் பிடுங்கினார். ஸ்பாஞ்ச் அன்றைக்கு வைத்த மாதிரியே இருந்தது, அமுக்கினால் உள்ளங்கையை எதிர்த்துத் தள்ளியது. அளவு போட்டு வெட்டினார். மச்சினன் பசை தடவினான். மருமகள் உள்துணி தைத்தாள், மிஷின் மழை மாதிரி சடசடத்தது. ஊசி நூல்கண்டை உருட்டிக்கொண்டு எல்லார் காலிலும் சிக்கியது. யாரும் அதை உதைக்கவில்லை. மாஸ்டர்கூட.

நடுவில் எழுந்துபோய் மருமகள் பெட்டியிலிருந்த ஸ்பாஞ்ச் தூளைக் கொட்டினாள். வெந்நீர் ஊற்றிக் கழுவித் துடைத்தாள்.

"அந்த மண்ணு பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"பரணுல இருக்கு. கடைக்காரன்கிட்ட திருப்பிக் குடுத்துச் சண்டை போடலாம்னு வச்சிருந்தேன்."

"சண்டையை நாளைக்கு வச்சுக்கலாம். எடுத்துக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தார். அவள் மண்ணைக் கொட்டிப் பரப்பி, பெட்டியை இருட்டு மூலையிலிருந்து வெளிச்சமாக, ஆள் அதிகம் நடக்காத ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். ஊசி வந்து மோந்தது. ஒரு காலால் தோண்டியது. தும்மிவிட்டுப் போய்விட்டது.

"பாத்தியா, பிடிக்கல" என்றார் மாஸ்டர், கொஞ்சம் சந்தோஷமாக.

கடைசி ஜிப்பை இழுக்கும்போது வாசலில் கார் நின்றது.

தியேட்டர் மானேஜர் பேசி நேரத்தை வீணாக்குகிற ஆள் இல்லை. உள்ளே வந்தார், மூக்கை உறிஞ்சினார், இருக்கைகளைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சியதைக் கண்டதும் மாஸ்டர் விசிறியின் வேகத்தைக் கூட்டினார். மானேஜர் ஒன்றும் கேட்கவில்லை. வலது இருக்கையில் உட்கார்ந்தார், சாய்ந்தார், தலையாட்டினார். இடதிலும் அப்படியே. பிறகு நடு இருக்கையில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஊசி குதித்து அவருக்குப் பக்கத்து இருக்கையில் ஏறியது.

மாஸ்டருக்கு முழி பிதுங்கியது. குட்டி மானேஜர் முழங்கையை மோந்தது. வெல்வெட் மேல் முன்னங்காலை வைத்து மிதித்தது. இடது, வலது. இடது, வலது. ஒரு சுற்று சுற்றியது. மச்சினன் ஓர் எட்டு எடுத்து வைத்தான். மானேஜருக்கு முன்னால் பாய்ந்து பூனையைப் பிடித்தால் காரணம் சொல்ல வேண்டும். சொல்லாமல் நின்றால் பூனையே சொல்லிவிடும். அவன் பாதியில் ஒரு காலோடு நின்றான்.

"ஊசி" என்றாள் மருமகள். அதட்டவில்லை. ஜன்னல் பக்கம் போய்க் குனிந்து, பெட்டியிலிருந்த மண்ணை விரலால் சரசரவென்று கிளறினாள்.

குட்டி காதைத் திருப்பியது. இருக்கையைப் பார்த்தது. பெட்டியைப் பார்த்தது. அதன் தலையில் என்ன கணக்கு ஓடியதோ, மெத்தென்று தரையில் குதித்து ஓடியது. பெட்டியில் ஏறியது, தோண்டியது, குந்தியது. பட்டறை முழுக்க அந்தச் சின்ன ஊற்றுச் சத்தம் கேட்டது. பிறகு மண்ணை இழுத்து இழுத்து மூடியது, வேலை தெரிந்த ஆள் மாதிரி.

மாஸ்டர் வாழ்நாளில் கேட்ட பாட்டுகளில் அத்தனை இனிமையாக ஒன்று கேட்டதில்லை.

"நல்லாப் பழக்கி வச்சிருக்கீங்களே" என்றார் மானேஜர். "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, அதுக்குச் சோபாதான் கக்கூஸ்."

"பழக்கறதுலதான் சார் எல்லாம் இருக்கு" என்றான் மச்சினன். மாஸ்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார்.

மானேஜர் நடு இருக்கையின் கைப்பிடியைத் தட்டினார். "ரெண்டு ஓரமும் நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இந்த நடு சீட்டு மாதிரி வேணும். ஹால் முழுக்க இதே மாதிரி. முடியுமா?"

மாஸ்டர் மருமகளைப் பார்த்தார். மருமகள் அவரைப் பார்த்தாள்.

"முடியும் சார்" என்றாள் அவள்.

கார் போன சத்தம் அடங்கியதும் மச்சினன் ஊசியைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு சுற்று ஆடினான். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மிஷினுக்கு எண்ணெய் விட்டாள், விடத் தேவையில்லாத இடத்திலெல்லாம். மாஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை ஒளித்துக்கொள்ளத் திரும்பியவர் காலில், பிளந்து போட்ட குஷன் தட்டுப்பட்டது.

சிரிப்பு நின்றது.

"மாப்ளே. இப்ப சொல்லு. எந்தக் கடை?"

"அதான் வேலை கிடைச்சிடுச்சே அத்தான், விடுங்க."

"பாலத்துக்கிட்ட இருக்கானே, அந்தத் தாடிக்காரனா?"

"இல்ல."

"அவன் தம்பியா? இல்ல, நீயே எங்கியாவது மலிவாப் பேசி எடுத்துட்டு வந்தியா?"

மச்சினன் குட்டியைக் கீழே விட்டான். அக்கா புருஷன் திட்டுக்குப் பழகின முகம், இப்போது திட்டு வாங்காமலே சுருங்கியிருந்தது.

"கடையில வாங்கல அத்தான். சரக்கு குறையுதுன்னு கேள்விப்பட்டு உங்க புள்ளதான் அவங்க கம்பெனி குடோன்லேர்ந்து எடுத்துக் குடுத்தான். அப்பாகிட்ட நான் குடுத்தேன்னு சொல்லாதே மாமா, சொன்னா தொடமாட்டார்னான்."

எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கை நின்றது. மருமகள் திரும்பவில்லை.

டாக்டரைச் சந்தேகப்பட்ட மனிதர். மண் பாக்கெட்டைச் சந்தேகப்பட்டவர். மச்சினனை, கடைக்காரனை, கண் திறந்து சில வாரமேயான குட்டியைச் சந்தேகப்பட்டவர். காலையிலிருந்து ஊரில் ஒருத்தரை விடாமல் வரிசையில் நிறுத்திய மாஸ்டருக்கு, அந்த ஒருவனை நிறுத்தத் தோன்றவே இல்லை.

"உள்ள என்ன இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்காது மாமா" என்றாள் மருமகள். சொல்லிவிட்டு, அதைத் தானே ஒரு தரம் கேட்டுப் பார்க்கிற மாதிரி நின்றாள்.

தெரு முனையில் ஸ்கூட்டர் திரும்பும் சத்தம் கேட்டது. மகனுடைய வண்டிதான், சைலன்சர் ஓட்டை ஊருக்கே தெரியும். ஆனால் அவன் இத்தனை வெளிச்சத்தோடு என்றைக்கும் வீடு திரும்பியதில்லை.

மாஸ்டர் குனிந்து பிளந்த குஷனை எடுத்தார். வெளியே பிதுங்கிய துணுக்குகளைக் கையால் உள்ளே தள்ளி மூடினார். பட்டறைக்கு நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் வைத்தார். ஊசி வந்து மோந்தது. மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு தன் பெட்டிப் பக்கம் போயிற்று.

"அவனை உள்ள வரச் சொல்லும்மா" என்றார் மாஸ்டர். "வந்து இதுல உக்காரட்டும். உக்காரும்போது அவன் மூஞ்சியை நான் பாக்கணும்."